சிந்தியது யார்? எழுதியது யார்?

பொம்மசந்திராவில் கடல் கிடையாது. தொழிற்பேட்டை, ஓசூர் ரோடு லாரிகள், நான் வேலை பார்க்கும் ஷெட், அவ்வளவுதான். எங்கள் ஷெட்டில் அரை லிட்டர் ஆயில் தரையில் சிந்தினாலும் ரெஜிஸ்டரில் எழுதியாக வேண்டும். எந்த மெஷின், எத்தனை மணி, யார் ஷிஃப்ட், யார் துடைத்தது எல்லாம். திருவொற்றியூர்க்காரனான எனக்கு அந்த நோட்டைப் பார்த்தாலே எண்ணூர் ஞாபகம் வந்துவிடும். கடலில் சிந்தினால் யார் எழுதுவது? யார் காசு கொடுப்பது?

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன். 1967 மார்ச் 18. 'டோரி கேன்யன்' என்ற கப்பல் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயோடு இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே பாறையில் மோதியது. கொடி லைபீரியா, முதலாளி கம்பெனி பெர்முடா, வாடகைக்கு எடுத்தது பிரிட்டிஷ் பெட்ரோலியம். யாரைப் பிடிப்பது? அதே கம்பெனியின் இன்னொரு கப்பல் சிங்கப்பூருக்கு வந்தபோது ஒரு வக்கீல் மேலே ஏறி, கொடிமரத்தில் நோட்டீஸை ஒட்டிவிட்டார்! கடைசியில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சேர்த்து 30 லட்சம் பவுண்டு கிடைத்தது.

அந்தக் கூத்துக்குப் பிறகுதான் 1969-ல் பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தம் வந்தது. டாங்கரிலிருந்து எண்ணெய் கொட்டினால், தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலேயே கப்பல் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். பெரிய டாங்கர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆனால் தொகைக்கு ஓர் உச்சவரம்பும் வைத்தார்கள். மற்ற கப்பல்களின் எரிபொருளுக்கு 2001-ல் தனி ஒப்பந்தம். இந்தியா அதில் 2015-ல் சேர்ந்தது.

இப்போது கேரளா. 2025 மே 25-ல் 'எம்.எஸ்.சி. எல்சா 3' கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. மறுபடியும் லைபீரியக் கொடி. எண்ணெய் படர்ந்தது, பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரி வரை ஒதுங்கியது. மாநில அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டது. ஜூலையில் உயர்நீதிமன்றம் விழிஞ்ஞத்தில் நின்ற 'அகிடெட்டா 2' என்ற கப்பலைப் பிடித்து வைத்தது. செப்டம்பரில் 1,227 கோடிக்கு ஈடு கட்டச் சொன்னது. 58 வருஷம் கழித்தும் அதே சிங்கப்பூர் வித்தைதான்.

எங்கள் எண்ணூரில் இந்த வித்தைக்கே அவசியமில்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' இரண்டும் மோதின. கப்பல்கள் கண்ணெதிரே இருந்தன. ஆனால் துறைமுகத்தின் முதல் அறிக்கை, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றது. அடுத்தடுத்த நாட்களில் எர்ணாவூர் கரையில் தார் மாதிரி எண்ணெய் ஒதுங்கியது. கடலோரக் காவல்படையினர், மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என எல்லோரும் வரிசையாக நின்று பக்கெட்டில் அள்ளினார்கள். செத்த ஆமைகளும் ஒதுங்கின.

எனக்குப் புரிந்தது இதுதான். நஷ்டஈடு கேட்க இரண்டு வேண்டும். கையில் ஒரு கப்பல், முதல் மணி நேரத்தில் எழுதிய உண்மைக் கணக்கு. முதலாவதற்கு உலகம் சட்டம் செய்துவிட்டது. இரண்டாவது இல்லையென்றால் வலை கெட்டு, மீன் விற்காமல் வீட்டில் உட்கார்ந்தவன் எதைக் காட்டி எவ்வளவு கேட்பான்?

பொம்மசந்திராவில் அரை லிட்டருக்கு ஒரு பக்கம் எழுதுகிறோம். கடலுக்கும் அந்த ஒரு பக்கத்தை அன்றே ஒழுங்காக எழுதியிருக்கலாம்.