காப்பு

1878ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. லிட்டன் பிரபுவின் ஆட்சியில் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் எவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது அது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் அந்த விதியிலிருந்து விலக்கு. அதே ஆண்டில் நம் மலையில் நீலகிரி வாலண்டியர் ரைபிள்ஸ் என்ற படை தொடங்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் வழக்கம் நம் வரலாற்று நூல்களில் இல்லை. சட்டம் தேசிய இயக்க வரலாற்றுக்குள் போய்விட்டது. படையோ ஊட்டியின் பழங்கதைகளுக்குள், கிளப், நரிவேட்டை, ஸ்னூக்கர் மேசை ஆகியவற்றின் பக்கத்தில் ஓர் இனிய நினைவாக ஒதுங்கிவிட்டது.

இது கூலிக்கு வேலை செய்த படை இல்லை. 1857 எழுச்சியின் பயத்தில் பிறந்த ஏற்பாடு. சென்னையில் அந்த ஆண்டே வாலண்டியர் கார்ட்ஸ் உருவாகிவிட்டது. தோட்ட முதலாளி, வங்கி எழுத்தர், ரயில்வே ஊழியர், கடைக்காரர் எனச் சாதாரண நாளில் சாதாரண வேலை பார்க்கும் வெள்ளைக்கார ஆண்கள், வாரத்தில் சில நாள் சீருடை மாட்டிக் கவாத்துப் பழகுவார்கள். லவ்டேலில் இருந்த லாரன்ஸ் விடுதிப் பள்ளி, படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858இல் தொடங்கப்பட்டது. அங்கே பையன்களுக்குக் கவாத்து, பெண்பிள்ளைகளுக்குத் தையலும் வீட்டுவேலையும். துப்பாக்கியை யார் பிடிப்பது, அது யாருக்காகப் பிடிக்கப்படுவதாகச் சொல்லிக்கொள்வது என்ற பாடம் பன்னிரண்டு வயதிலேயே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது.

படையில் இருந்தவரே கிளப்பில் இருந்தார். கிளப்பில் இருந்தவரின் நண்பரே நீதிபதியாக மேடையில் அமர்ந்தார். மலையில் ஐரோப்பிய சமூகம் அவ்வளவு சிறியது. ஊட்டி கிளப் இந்தியரைச் சேர்த்துக்கொள்ளாததால்தான் லாலி பெயரில் வேறொரு மன்றம் கட்ட வேண்டியிருந்தது.

தோட்டத்திற்குப் போவோம். அந்த ஆண்டுகளில் மலையில் காப்பியே முதன்மைப் பயிர். இலைநோய் காப்பியை அழிக்க அழிக்கத் தேயிலையும் சின்கோனாவும் பரவின. கோவை, சேலம் சமவெளியிலிருந்தும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஆள்களை மலைக்குக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள். கொழுந்து கிள்ளும் வேலை பெண்களுடையது. விடியற்காலையில் ஆள் எண்ணும் இடத்துக்குத் தோட்டத் தமிழில் பெரட்டுக்களம் என்று பெயர். படைகளின் ‘பரேடு’ என்ற சொல்லே பெரட்டு ஆயிற்று என்பார்கள். நான் இதை நம்புகிறேன். பாடத்திட்டத்தில் இல்லாத சொற்பிறப்பியல் இப்படித்தான் வாழ்கிறது. துரை குதிரையில் வந்து நிற்க, கைப்பிள்ளையை இடுப்பில் ஏந்தியபடி வரிசையில் நின்ற பெண்ணுக்கு, அவர் ஞாயிற்றுக்கிழமையும் இன்னொரு வரிசையின் முன்னால் நிற்பவர் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

தீவிர வலதுசாரி என்ற சொல் அந்தக் காலத்தில் இல்லை. பாசிசம் என்ற சொல் இத்தாலியிலிருந்து வருவதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆகவேண்டும். ஆனால் உறுப்புகள் எல்லாம் தயாராக இருந்தன. தன் இனம் மேலானது என்ற உறுதி, அந்த இனத்துக்கு மட்டும் ஒரு சங்கம், சங்கத்தின் ஆள்களிடம் துப்பாக்கி, தன் சொந்த அரசாங்கமே துரோகம் செய்கிறது என்ற கூச்சல். இவை எல்லாவற்றுக்கும் கொடியாக ஒரு பெண்ணின் மானம். ஐந்தும் ஒன்றுசேர்ந்த ஆண்டு 1883.

பிகாரிலால் குப்தா என்ற வங்காளி சிவில் சர்வீஸ் அதிகாரி 1882இல் ஒரு குறிப்பு எழுதினார். மாவட்டத்தில் நீதிபதியாக இருந்தாலும் இந்தியர் ஒருவர் ஐரோப்பியக் குற்றவாளியை விசாரிக்க முடியாது என்ற நிலையைச் சுட்டிக்காட்டினார். அந்த முரணை ஓரளவு சரிசெய்ய ரிப்பன் பிரபுவின் அரசில் சட்ட உறுப்பினராயிருந்த இல்பர்ட் 1883 பிப்ரவரியில் ஒரு மசோதா கொண்டுவந்தார். எல்லா இந்திய நீதிபதிகளுக்கும் கூட இல்லை, மூத்த நிலையிலிருந்த சிலருக்கு மட்டும். அந்தச் சிறு திறப்புக்கே ஐரோப்பியர் கொதித்தெழுந்தார்கள். மாத இறுதியில் கல்கத்தா டவுன் ஹாலில் பெருங்கூட்டம் கூடியது. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. வங்காளத்திலும் அசாமிலும் தேயிலை, அவுரித் தோட்டக்காரர்களே போராட்டத்தின் முதுகெலும்பு. வாலண்டியர்கள் மொத்தமாக விலகவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அரசு மாளிகைக் காவலர்களை மடக்கி, வைஸ்ராயைச் சாந்த்பால் படித்துறையில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடச் சிலர் சதி செய்ததாகப் பக்லண்ட் என்ற அதிகாரி பின்னாளில் எழுதிவைத்தார். இதையே இந்தியர் நான்கு பேர் பேசியிருந்தால் அந்தமான்தான். பேசியவர்கள் வெள்ளையராக இருந்ததால் அது வரலாற்றில் வேடிக்கைக் கதையாகிவிட்டது.

அவர்களின் வாதத்தைக் கூர்ந்து கேட்போம். தோட்டத்தில் கூலியாளை அடித்தால் எந்த நீதிபதி விசாரிப்பார் என்பதுதான் உண்மையான கவலை. அதை மேடையில் சொல்ல முடியாது. எனவே வேறொன்றைச் சொன்னார்கள். தொலைதூர மாவட்டத்தில் தனியாக இருக்கும் வெள்ளைக்காரப் பெண் ஒரு கறுப்பு நீதிபதியின் முன் நிற்கும்படி ஆகுமே, தன் வீட்டுப் பெண்களைத் திரைக்குப் பின்னால் வைத்திருப்பவன் நம் பெண்ணை நியாயமாக எப்படிப் பார்ப்பான் என்றார்கள். பெண்களும் தனிக்குழு அமைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டு மகாராணிக்கு மனு அனுப்பினார்கள். விக்டோரியாவின் பேரரசில் வெள்ளைக்காரப் பெண்கள் அரசியல் மேடைக்கு இவ்வளவு பெருந்திரளாக வந்த வேளைகள் குறைவு. வந்தது இதற்காக.

அவர்களில் ஒருவரைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. அனெட் அக்ராய்ட் வங்காளப் பெண்களுக்குப் பள்ளி நடத்த வேண்டுமென்று 1872இல் கல்கத்தா வந்தவர். பிறகு ஹென்றி பெவரிட்ஜ் என்ற சிவில் அதிகாரியை மணந்தார். கணவர் மசோதாவின் பக்கம். மனைவியோ அதை எதிர்த்துச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். இந்திய ஆண்கள் தம் பெண்களை நடத்தும் விதமே அவர்கள் எங்களுக்கு நீதி வழங்கத் தகுதியற்றவர்கள் என்பதற்குச் சான்று என்பது அவர் வாதம். இந்தியப் பெண்ணின் துயரம் அவருக்கு உண்மையாகவே தெரியும். பின்னாளில் குல்பதன் பேகத்தின் நூலை ஆங்கிலத்தில் தந்தவரும் அவர்தான். இருந்தும் அந்தத் துயரத்தை எடுத்து யார் கையில் கொடுத்தார்? தோட்டக்காரர்களின் சங்கத்திடம். (பிரிட்டனின் சமூகநலத் திட்டத்துக்கு 1942இல் அறிக்கை எழுதிய வில்லியம் பெவரிட்ஜ் இவருடைய மகன்.) பெண்ணியத்தின் சொற்களை இனவெறி இரவல் வாங்கிய முதல் தருணங்களில் இது ஒன்று. இரவல் கொடுத்தவரும் பெண்ணியவாதியே என்பதுதான் நம்மை உறுத்தவேண்டியது.

அதே ஆண்டில் கல்கத்தாவின் பெத்தூன் பள்ளி மாணவிகள் மறுபக்கம் நின்றார்கள். சுரேந்திரநாத் பானர்ஜி சிறை சென்றபோது கறுப்புப் பட்டை அணிந்தார்கள். பின்னாளில் கவிஞராக அறியப்பட்ட காமினி சென் அவர்களில் முன்னின்றவர். அறியாப் பெண்கள் என்று அனெட் எழுதியது யாரைப் பற்றி?

1884 ஜனவரியில் மசோதா சட்டமானது. உள்ளீடு எடுக்கப்பட்ட சட்டம். பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ அமர்ந்த ஜூரியைக் கேட்கும் உரிமை வெள்ளைக்காரக் குற்றவாளிக்குக் கிடைத்தது. அதே 1884இல் அசாமின் கோகிலாமுக் படித்துறையில் சுகுர்மணி என்ற கூலிப்பெண் இறந்தார். வெப் என்ற வெள்ளைக்காரர் அவரை வன்புணர்ந்தார் என்பது வழக்கு. முடிவில் முறையின்றி அடைத்துவைத்ததற்காக 100 ரூபாய் அபராதம். பெண்ணின் மானத்துக்காக ஓராண்டு முழுக்கத் திரண்ட சங்கம் இந்த 100 ரூபாய்க்காக ஒரு கூட்டமும் கூட்டவில்லை.

தமிழில் காப்பு என்றால் காவல். காப்பு என்றால் வளையல். பேச்சில், காப்பு மாட்டுவது என்றால் கைவிலங்கு பூட்டுவது. துரைசானிக்கு முதற்பொருள் கிடைத்தது என்றால் கொழுந்து கிள்ளியவளுக்கு மூன்றாம் பொருள். இது உவமை இல்லை, சட்டம். 1859ஆம் ஆண்டின் ஒப்பந்தமீறல் சட்டப்படி முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போவது குற்றம். சிறைக்கு அனுப்பலாம். அது போதவில்லை என்று தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் கேட்டார்கள். 1893இல் அவர்களின் ஒன்றுபட்ட சங்கமான உபாசி தோன்றியது. பத்தாண்டுகளில் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1903 அவர்கள் கைக்கு வந்தது. பழைய 1859 சட்டத்தை ரத்துசெய்ய 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னைச் சட்டசபையில் தோட்ட முதலாளிகளுக்கெனத் தனி இடமும் இருந்தது. கொழுந்து கிள்ளியவளுக்கு வாக்கே இல்லை. பிரசவத்துக்கு ஊர் போக நினைத்த பெண் பற்றுக் கணக்கைத் தீர்க்காமல் மலையிறங்கினால் அவள் ஓடிப்போனவள். ஓடிப்போனவள் என்ற சொல்லை நம் ஊர் வேறெதற்கு வைத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மேஸ்திரியின் வாயில் அந்த இரண்டு அவமானங்களும் ஒரே சொல்லாகச் சேர்ந்திருக்கும்.

நம் ஆண்களின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ரஷ்யப் போர் வரும் என்ற பீதியில் 1885இல் படித்த இந்தியர் பலர் எங்களையும் வாலண்டியர் படையில் சேருங்கள் என்று கேட்டார்கள். அரசு மறுத்தது. 1886இல் காங்கிரசின் இரண்டாவது மாநாடு இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியது. நியாயமான சமத்துவக் கோரிக்கை, மறுக்கவில்லை. ஆனால் எங்களைப் பேடிகளாக்குகிறீர்கள் என்ற புலம்பல் அந்தக் காலத்து விவாதம் முழுவதும் ஒலித்தது. துப்பாக்கி இல்லாதவன் ஆண் இல்லை என்பதில் கிளப்பும் காங்கிரசும் ஒத்துப்போயின. ஆண் அல்லாதவர் எல்லாம் காக்கப்படவேண்டிய பொருள்கள் என்பதிலும்.

உலகப்போரின்போது, 1917இல், இந்தியாவிலிருந்த ஐரோப்பிய ஆண்களுக்குப் படைச்சேவை கட்டாயமானது. 1920இல் துணைப்படைச் சட்டம் வந்தது. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் மட்டுமே சேரக்கூடிய துணைப்படை. நீலகிரிக்காரர்கள் மலபார்க்காரர்களோடு சேர்ந்து நீலகிரி மலபார் பட்டாளம் ஆனார்கள்.

1920 கவனிக்கவேண்டிய ஆண்டு. முந்தைய ஏப்ரலில் அமிர்தசரசில் மார்செலா ஷெர்வுட் என்ற மிஷன் பெண் தாக்கப்பட்டார். அவரைத் தூக்கிச்சென்று காப்பாற்றியவர்கள் இந்தியர்களே. மூன்று நாளில் ஜாலியன்வாலா பாக். அதற்கடுத்த வாரம், அவர் விழுந்த சந்தில் இந்தியர் எவரும் வயிற்றால் ஊர்ந்தே போகவேண்டும் என்று டயர் உத்தரவிட்டார். அந்தச் சந்தில் வீடிருந்தவர்களும்தான். டயர் பதவி இழந்ததும் மார்னிங் போஸ்ட் நாளிதழ் அவருக்காக நிதி திரட்டியது. 26,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரப் பெண்களும் முன்னின்று வசூலித்தார்கள். அதே 1920இல் கச்சார் மாவட்டத்துக் கோரியல் தேயிலைத் தோட்டத்தில், மகள் ஹீராவை அனுப்ப மறுத்த கங்காதர் என்ற தொழிலாளியை மேலாளர் ரீட் சுட்டார். ஐரோப்பியர் பெரும்பான்மையாக அமர்ந்த ஜூரி அவரை விடுவித்தது. 1884இல் வாங்கிய ஜூரி உரிமை எதற்கு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். ஒரு பெண்ணுக்காக ஊரே ஊர்ந்தது. இன்னொரு பெண்ணுக்காக அவள் தகப்பன் எழுந்து நின்றான், சுடப்பட்டான்.

கடலுக்கு அப்பால் நம் சொந்தங்கள் போன இலங்கையிலும் இதே ஏற்பாடு. அங்கே தோட்டக்காரர்களின் துப்பாக்கிப் படை 1900இல் எழுந்தது. 1937இல் பிரேஸ்கேர்டில் என்ற இளம் ஆஸ்திரேலியர், தோட்டத்தில் வேலை பழக வந்தவர், தொழிலாளர் பக்கம் சாய்ந்து மேடையேறியபோது அவரை நாடுகடத்த ஆணை பிறந்தது. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வெள்ளைத்தோல் கட்சி மாறுவதுதான் அந்தச் சமூகத்தால் பொறுக்கமுடியாத குற்றம். அங்கே நான் தேடிப் படிக்கும் பெயர் மீனாட்சி அம்மாள். நடேசய்யரின் மனைவி. தோட்டங்களுக்குப் போய்க் கூட்டங்களில் பாடினார், 1940இல் பாட்டுகளைப் புத்தகமாகவும் போட்டார். சீருடை இல்லை, சங்கச் சட்டதிட்டம் இல்லை, தொண்டை மட்டும். நம் பல்கலைக்கழகங்களின் இருபதாம் நூற்றாண்டுக் கவிதை வரலாற்றில் அவருக்கு ஒரு பத்தி தேடினேன். இல்லை.

ஜூரியிலும் நீதிமன்றத்திலும் இருந்த இனவேற்றுமை 1923இல் குறைந்தது. கடைசி மிச்சம் போனது விடுதலைக்குப் பிறகு, 1949இல். துணைப்படை 1947இல் கலைந்தது. உபாசியின் தலைமையகம் இன்றும் குன்னூரில் கிளென்வியூவில் இருக்கிறது, உறுப்பினர்களின் தோல்நிறம்தான் மாறியிருக்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் சொன்னது 1976இல்.

2015 செப்டம்பரில் மூணாறில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, தமிழ்ப்பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்று தம் தோட்டத்தமிழிலேயே பெயர் வைத்துக்கொண்டார்கள்: பொம்பிளை ஒருமை. எங்களுக்காகப் பேச வந்தோம், எங்கள் பாதுகாப்பில் போராடுங்கள் என்று வந்த தொழிற்சங்க ஆண் தலைவர்களைக் கிட்டே வரவிடவில்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தார்கள்.