ஆறு நாள் வியாபாரம்

சென்ற வாரம் கதையை ஒரு தீவில் நிறுத்தியிருந்தேன்.

சக்கர நாற்காலியில் ஒரு மனிதர். எதிரே பத்திரிகைக்காரர்கள். அவர் வாயைத் திறக்கப் போகிறார்...

வாரம் முழுக்கக் காத்திருந்தீர்கள். இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லப்போகும் சொல்லின் கனம் தெரிய வேண்டுமானால், முதலில் நம் பெருந்துறையின் ஒரு விடியற்காலையைப் பார்த்துவிட வேண்டும்.

ஆடி மாதம். காற்று ஆளைத் தள்ளுகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பனியன் கம்பெனி வண்டிகள் வந்து நிற்கின்றன. பெண்கள் ஏறுகிறார்கள். தூக்குப்போசியை மடியில் வைத்தபடி ஜன்னலோரம் கண்ணயர்கிறார்கள். ஷிப்மெண்ட் நெருங்குகிறது. இன்றைக்கு ஒன்றரை ஷிப்ட். வீடு திரும்ப இரவாகிவிடும்.

செக்கிங் மேசையில் குவிந்து கிடப்பது குழந்தைகளின் இரவு உடுப்பு. சிவப்புத் துணி. நெஞ்சில் ஒரு கலைமான். ஓர் அக்கா அதை எடுத்து உள்பக்கம் திருப்புகிறார். தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்க்கிறார். கழுத்துப்பட்டியில் ஒரு நூல் பிசிறு. கத்தரி நறுக்குகிறது. மானின் கொம்பில் பிரிண்ட் எங்காவது விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். சரி. அடுத்த பீஸ்.

வெளியே மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சுகிறார்கள்.

உள்ளே கிறிஸ்துமஸ் நடக்கிறது!

ஏன் இத்தனை சீக்கிரம்? பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். அமெரிக்கக் கடையில் அந்த மான் அக்டோபரிலேயே அலமாரி ஏற வேண்டும். தூத்துக்குடியில் கப்பல் ஏறிய பெட்டி அந்தக் கரை சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். துறைமுகத்திலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கடை என்று இன்னும் சில நாட்கள். அப்படியானால் தையல் ஆடியில் முடிய வேண்டும். சாயம் ஆனியில். நூல் அதற்கும் முன்னால்.

டிசம்பர் 25 இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கடை விரிக்கும் நாள்தான் முன்னால், முன்னால் என்று நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அங்கே ஒரு வாரம் நகர்ந்தால் இங்கே ஒரு வாரத் தூக்கம் போகிறது.

கடை விரிக்கும் அந்த நாளை அரசாங்கக் கையால் நகர்த்திப் பார்த்தவர்தான் நம் தீவு மனிதர்.

இப்போது போகலாம்.

1939 ஆகஸ்ட். கேம்போபெல்லோ தீவு. மண் கனடாவுடையது. அமெரிக்கக் கரை கூப்பிடு தூரம். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் குடும்பத்துக் கோடை வீடு அங்கேதான் இருந்தது. சின்ன வயதில் ஓடி விளையாடிய தீவு. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், இதே தீவில், இதே ஆகஸ்டில்தான் இளம்பிள்ளைவாதம் அவரைப் பிடித்தது. அதற்குப் பிறகு அந்தக் கால்கள் தானாக நடக்கவே இல்லை. ஜனாதிபதி ஆன பின்னும் அவர் அங்கே வந்துபோனது எண்ணிச் சொல்லக்கூடிய தடவைதான்.

உலகமே போலந்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. யுத்தம் வெடிக்க மூன்று வாரம்கூட இல்லை. அப்படிப்பட்ட வேளையில் அமெரிக்க ஜனாதிபதி பேசினால் எதைப் பற்றிப் பேசுவார்?

அவர் பண்டிகைத் தேதியைப் பற்றிப் பேசினார்.

இந்த வருடம் நன்றி நாள் நவம்பர் 30 இல்லை. 23.

அவ்வளவுதான். ஒரு வாரம் முன்னால். கடைக்காரர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். கடைசி வியாழன்தான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றார். அதுவும் உண்மைதான். லிங்கன் காலத்திலிருந்து வருடாவருடம் ஜனாதிபதி கடைசி வியாழனை அறிவிப்பதுதான் வழக்கம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அந்த வழக்கம், ஒரு கோடை விடுமுறைப் பேச்சில் முறிந்துபோனது.

தாங்க்ஸ்கிவிங் என்கிற இந்த நன்றி நாள் நம் பொங்கலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

எழுதப்படாத ஒரு மரியாதை இருந்தது. நன்றி நாள் விருந்து முடியும்வரை கடையில் கிறிஸ்துமஸ் அலங்காரம் வைக்கக் கூடாது. வைத்தால் ஊர் முகம் சுளிக்கும். நியூயார்க்கில் மேசிஸ் கடை நடத்தும் நன்றி நாள் ஊர்வலத்தில் சாண்டா கடைசி வண்டியில்தான் வருவார். அவர் வந்துவிட்டால் வியாபாரக் காலம் பிறந்துவிட்டது என்று பொருள்.

1939 நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள். கடைசி வியாழன் 30ஆம் தேதி. டிசம்பரில் ஞாயிறுகளைக் கழித்தால் கிறிஸ்துமஸுக்கு முன் கடை திறந்திருப்பது 20 நாள். நன்றி நாளை ஒரு வாரம் முன்னால் தள்ளினால் 26.

ஆறு நாள். ஆறே நாள் வியாபாரம்.

இந்தக் கணக்கைப் போட்டவர்களில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் லூ ஹான். சில்லறை ஜவுளி வியாபாரிகள் சங்கத்தின் பொது மேலாளர். வர்த்தக அமைச்சர் ஹாரி ஹாப்கின்ஸிடம் போய், நவம்பர் 30 வியாபாரத்தைக் கடித்துவிடும் என்று எச்சரித்தவர். ஆம், ஜவுளிக்காரர்தான்! துணிக்கும் கிறிஸ்துமஸுக்கும் உள்ள உறவு இன்று நேற்றையது அல்ல.

இன்னொருவர் ஃபிரெட் லாசரஸ். ஓஹியோவின் கொலம்பஸ் நகரில் குடும்பக் கடை. பெரிய பெரிய கடைகளை ஒரே குடையின் கீழ் சேர்த்து ஃபெடரேட்டட் என்ற குழுமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பத்து வருடப் பொருளாதார மந்தத்தில் கடை நடத்தியவர். கல்லாப்பெட்டிக்கு முன் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த எந்தக் கடைக்காரருக்கும் அந்த வலி தெரியும். அவரைப் பேராசைக்காரர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆறு நாள் கூடுதலாகக் கடை திறந்தால் ஆறு நாள் கூடுதலாகச் சம்பளம் போகும் என்று அவர் நம்பியிருக்கலாம்.

ரூஸ்வெல்ட்டின் மனசு? 1933லும் இதே ஐந்து வியாழன் வந்தது. இதே கோரிக்கை வந்தது. அப்போது அவர் மறுத்துவிட்டார். ஆறு வருடத்தில் என்ன மாறியது? நிமிரத் தொடங்கிய பொருளாதாரம் 1937ல் மறுபடி சறுக்கியது. அடிபட்டவருக்குத் தயக்கம் குறைந்திருக்கும். தேதியை நகர்த்தக் கஜானாவிலிருந்து ஒரு காசு வேண்டாம். ஒரு வார்த்தை போதும். இது என் கணிப்பு.

ஆனால் அந்த ஒரு வார்த்தையின் விலை அவருக்கு அன்று தெரியவில்லை.

சென்னிமலைத் தைப்பூசத் தேரை ஒரு வாரம் முன்னால் இழுங்கள், கடைவீதிக்கு நல்லது என்று ஒரு பெரிய மனிதர் சொன்னால் என்ன நடக்கும்? யோசித்துப் பாருங்கள். வடம் பிடிக்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? லீவு போட்ட மகன் என்ன செய்வான்?

அதுதான் நடந்தது. முதல் நன்றி விருந்து நடந்ததாகப் போற்றப்படும் பிளிமத் ஊரிலிருந்தே எதிர்ப்புக் குரல் கிளம்பியது. அடுத்த ஆண்டு காலண்டர் அச்சடித்தவர்கள் அலறினார்கள். கல்லூரிக் கால்பந்துக் குழுக்கள் நன்றி நாளை நம்பி எப்போதோ ஆட்டம் குறித்து வைத்திருந்தன, எல்லாம் தாறுமாறானது. தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்ற ஆல்ஃப் லாண்டன் இதுதான் சமயமென்று, ஹிட்லரைப் போலத் தன்னிச்சையாக நடக்கிறார் என்று சாடினார். அட்லாண்டிக் சிட்டி மேயர் ஜனாதிபதியின் பெயரையும் பண்டிகையின் பெயரையும் ஒட்டி 'ஃபிராங்க்ஸ்கிவிங்' என்று ஒரு பெயரே சூட்டிவிட்டார். கருத்துக் கணிப்பில் பத்துக்கு ஆறு பேர் கூடாது என்றார்கள்.

பிறகு வந்தது அந்த நவம்பர்.

நாடு இரண்டாகப் பிளந்தது. 23 மாநிலங்கள் புதுத் தேதியில் கொண்டாடின. 22 மாநிலங்கள் பழைய தேதியை விடவில்லை. டெக்சாஸ், கொலராடோ, மிசிசிப்பி ஆகிய மூன்றும் வம்பே வேண்டாம் என்று இரண்டு நாளும் கொண்டாடிவிட்டன. மாநில எல்லையின் இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகள். அப்பாவுக்கு லீவு 23ஆம் தேதி. மகளுக்கு 30ஆம் தேதி. மேசையில் வான்கோழி ஆறிக்கொண்டிருக்கிறது, நாற்காலி காலி. அந்த நாற்காலியை எந்தக் கடைக்காரரும் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்.

சரி, கல்லா நிறைந்ததா?

ரூஸ்வெல்ட் பிடிவாதமாக அடுத்த இரண்டு வருடமும் முன்தேதியிலேயே நடத்தினார். 1941 மே மாதம் அவரே ஒப்புக்கொண்டார். எதிர்பார்த்த பலன் இல்லை. வியாபாரம் கூடவில்லை.

எப்படிக் கூடும்? கடை ஆறு நாள் முன்னால் திறந்தால் வாங்குகிறவர் ஆறு நாள் முன்னால் வருவார். கொண்டுவரும் பர்ஸ் அதே பர்ஸ்தான். நம் ஊர்ப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் கேட்டிருந்தால் ஆகஸ்டிலேயே சொல்லியிருப்பார்.

பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். யுத்தக் கோப்புகள் குவிந்து கிடந்த நாட்களில், நவம்பரின் நான்காவது வியாழனே நன்றி நாள் என்ற சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். வேலி போட்டாயிற்று. இனி எந்த ஜனாதிபதியும் நகர்த்த முடியாது. பண்டிகை பிழைத்தது என்று மக்கள் மூச்சு விட்டார்கள்.

கடைக்காரர்கள்?

அவர்கள் வேறொன்றைப் புரிந்துகொண்டார்கள். தேதியை நகர்த்த வேண்டியதே இல்லை. முகம் சுளிப்பதை மக்கள் மறந்தால் போதும்.

மறந்தார்கள். வருடத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று அலங்காரம் முன்னால் வந்தது. நன்றி நாளைத் தாண்டியது. அக்டோபர் பூசணி விளக்குகளையும் தாண்டியது. இன்று சில கடைகளில் செப்டம்பரிலேயே பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நம் மான்.

அந்த மானைத் தைக்கும் கைகள் பெருந்துறையிலும் ஊத்துக்குளியிலும் விஜயமங்கலத்திலும் இருக்கின்றன. திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான். கடை சீக்கிரம் திறப்பதால் ஆடியில் வேலை கிடைக்கிறதே, அது நல்லதுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வருடத்துச் சோறு முழுவதும் அந்த இரண்டு மாத ஓட்டத்தில் தொங்கினால், அந்த இரண்டு மாதத்துக்குள் யாராவது குறுக்கே கையை நீட்டினால் என்ன ஆகும்?

நீட்டினார்கள்.

மறுபடியும் ஓர் ஆகஸ்ட். மறுபடியும் ஓர் அமெரிக்க ஜனாதிபதி. 2025. இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி. அமலாகும் நேரம் 27ஆம் தேதி, வாஷிங்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம். நமக்குக் காலை மணி 9.31. அன்று விநாயகர் சதுர்த்தி.

ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த நிமிடத்துக்கு முன் கப்பல் ஏறிய சரக்கு, செப்டம்பர் 17க்கு முன் அமெரிக்காவுக்குள் நுழைந்துவிட்டால் புது வரி இல்லை.

மூன்று வாரம்.

தூத்துக்குடியிலிருந்து அங்கே போய்ச் சேர எத்தனை நாள் என்று மேலே சொன்னேன். திரும்பிப் போய் ஒரு முறை படியுங்கள்.

படித்துவிட்டீர்களா?

இப்போது அந்தக் காலைக்கு வாருங்கள். வாசலில் கொழுக்கட்டை வாசம். பிசிறு நறுக்கி, அயர்ன் போட்டு, கலைமான்கள் மடித்து அடுக்கியாயிற்று. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியாயிற்று. லாரி நிற்கிறது. டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் கதவையே பார்க்கிறார். உள்ளே முதலாளி போனைக் காதில் வைத்திருக்கிறார். மறுமுனையில் பையர்.

மணி 9.20.

(அடுத்த வாரம்)