கப்பலுக்குப் பூசிய பெயின்ட், நத்தைக்கு வந்த வினை

செம்பரம்பாக்கம் ஏரி முழுசா நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி தண்ணீர் நிற்கும். அவ்வளவு தண்ணீரிலும் சுமார் நூறு கிராம், அதாவது ஒரு சோப்புக்கட்டி எடைக்கு ஒரு ரசாயனத்தைக் கரைத்தால், லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்ற அளவு வரும். நம்பிக்கை வராமல் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஒரு வகைக் கடல் நத்தையின் பெண்களுக்கு ஆண்குறி முளைக்க இந்த அளவே போதும்.

அந்த ரசாயனத்தின் பெயர் டிரைபியூட்டைல்டின். வெள்ளீயத்தோடு கார்பன் சங்கிலிகள் சேர்ந்த சேர்மம். சுருக்கமா டிபிடி என்பார்கள். இது ஏதோ ஒரு ஆலையின் குழாய் வழியே தப்பித்தவறிக் கடலில் கலந்த கழிவு இல்லை. கடலில் கசிய வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்ட பொருள். பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு உறுத்துகிற இடமும் இதுதான்.

கப்பலின் அடிப்பாகத்தில் பாசி, சிப்பி, பர்னக்கிள் எனப்படும் கூம்பு ஓட்டு உயிரி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அடி சொரசொரப்பானால் தண்ணீர் இழுக்கும், வேகம் குறையும், எரிபொருள் எகிறும். பாய்மரக் காலத்திலேயே இது பெரிய தலைவலி. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் தாமிரத் தகடு அடித்துப் பார்த்தது. நன்றாகவே வேலை செய்தது, ஆனால் தகடு அரித்துப்போனது. 1824-ல் ஹம்ப்ரி டேவி (சுரங்க விளக்கு டேவியேதான்) இரும்பு, துத்தநாகத் துண்டுகளைத் தாமிரத்தோடு இணைத்து அரிப்பை நிறுத்திக் காட்டினார். மின்வேதியியல் பாடத்தில் நாம் படிக்கும் கேத்தோடு பாதுகாப்பின் ஆரம்பம் அது. அரிப்பு நின்றது, கூடவே பர்னக்கிளும் திரும்பி வந்துவிட்டது! தாமிரம் கரைந்தால்தான் விஷம், விஷம் கசிந்தால்தான் அடி சுத்தம் என்று அப்போது புரிந்தது. டேவியின் திட்டத்தைக் கடற்படை கைவிட்டது.

1950-களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வான் டெர் கெர்க்கின் குழு, கரிம வெள்ளீயச் சேர்மங்கள் பூஞ்சை போன்றவற்றைக் கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தது. 1960-களில் அது கப்பல் பெயின்டுக்குள் வந்தது. அடுத்த பத்தாண்டில் வந்த பெயின்ட் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதில் டிபிடி பாலிமரோடு வேதிப்பிணைப்பில் இருக்கும். கடல்நீர் பட்டுப் பட்டு அந்தப் பிணைப்பு அறுந்து மேல்தோல் மெல்லக் கரையும், உள்ளிருந்து புதுத் தோல் வரும். சோப்பு தேய்கிற மாதிரி. ஒருதரம் பூசினால் ஐந்து வருஷம் வரை கப்பலைக் கரையேற்ற வேண்டாம். இதைப் படித்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்குத் தோன்றியது 'அடடா, என்ன டிசைன்' என்பதுதான்.

பிரான்ஸின் தென்மேற்கில் அர்க்கஷோன் விரிகுடா. தலைமுறை தலைமுறையாகச் சிப்பி வளர்ப்பவர்கள் வாழும் இடம். 1970-களின் தொடக்கத்தில்தான் அங்கிருந்த போர்த்துகீசியச் சிப்பிகளை ஒரு வைரஸ் நோய் துடைத்தெடுத்திருந்தது. ஜப்பானியச் சிப்பியைக் கொண்டுவந்து, பிழைப்பு கொஞ்சம் நிமிர்கிற நேரம். 1977-லிருந்து சிப்பிக்குஞ்சுகள் பிடிக்கவே இல்லை. ஒரு வருஷம் இல்லை, தொடர்ந்து 1981 வரை. இருந்த சிப்பிகளும் விகாரமாயின. ஓடு அடுக்கடுக்காகத் தடித்து, நடுவில் கூழ் போன்ற திரவம் தேங்கி, பந்து மாதிரி உப்பிவிட்டது. அதை யார் வாங்குவார்கள்? வருஷத்துக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் விளைந்த இடத்தில் 1981-ல் சுமார் மூவாயிரம் டன்.

குளோத் அல்சியூ முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் கவனித்தது, படகுத்துறைகளை நெருங்க நெருங்கச் சிப்பியின் ஓடு மோசமாவதை. விரிகுடா முழுக்க உல்லாசப் படகுகள், அவற்றின் அடியில் டிபிடி. 1982 ஜனவரியில் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு இந்தப் பெயின்டை பிரான்ஸ் தடை செய்தது. அந்த வருஷமே சிப்பிக்குஞ்சுகள் மறுபடி பிடித்தன.

சிப்பிக்குச் சந்தை இருந்தது, சங்கம் இருந்தது, கத்த ஆள் இருந்தது. நத்தைக்கு யார் இருக்கிறார்கள்?

உண்மையில் நத்தை முன்னாடியே சொல்லிவிட்டது. 1970-ல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில் ஸ்டீபன் பிளேபர் என்ற ஆய்வாளர், 'டாக்வெல்க்' என்ற பாறை நத்தையின் பெண்களில் ஆண்குறி போன்ற ஒன்று வளர்ந்திருப்பதைப் பதிவு செய்தார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஸ்மித் என்பவர் வேறொரு சேற்று நத்தையில் இதையே கண்டு, 'இம்போசெக்ஸ்' என்று பெயர் வைத்தார். காரணம் படகுப் பெயின்டில் உள்ள டிபிடிதான் என்று 1981-ல் அவரே காட்டினார். பிளிமத் ஆய்வகத்தின் பிரையனும் கிப்ஸும் தங்கள் குழுவோடு இங்கிலாந்தின் தென்மேற்கில் டாக்வெல்க் அருகி வருவதற்கும் அதுவே காரணம் என்று 1986-ல் ஆதாரத்தோடு எழுதினார்கள். முதல் பதிவுக்கும் இதற்கும் நடுவே 16 வருஷம்.

நத்தைக்குள் நடப்பது கொடுமை. புதிதாக வளரும் விந்துக்குழாய் முட்டை வெளிவரும் துளையை அடைத்துவிடும். முட்டைக்கூடுகள் உள்ளேயே குவிந்து, சில பெண்கள் உடல் வெடித்தே சாகும். இந்த இனத்துக்குக் கடலில் மிதந்து பரவும் லார்வா கிடையாது. பாறையில் ஒட்டிய கூட்டிலிருந்து குட்டி நத்தை நேராக வெளியே ஊர்ந்து வரும். ஒரு பாறைத்திட்டில் அழிந்தால், பக்கத்துத் திட்டிலிருந்து எவராவது ஊர்ந்து வந்தால்தான் உண்டு.

விஷத்தை மதிப்பிட அந்தக் காலத்தில் வழக்கமாகக் கேட்ட கேள்வி, எவ்வளவு கொடுத்தால் பாதி உயிர்கள் சாகும் என்பது. இங்கே நத்தை அந்த வாரமே சாகவில்லை, சந்ததிதான் நின்றது. நானும் எல்லா டெஸ்டும் பாஸ் ஆன ஒரு மென்பொருளை வெளியிட்டு, ஆறு மாசம் கழித்து வேறொரு டீமின் சர்வரில் அது செய்த சேதத்தைத் தேடியலைந்தவன். டெஸ்டில் பிழை இருக்காது, கேட்ட கேள்வியில் இருக்கும். (என் விஷயத்தில் ஒரு டிஸ்க் நிரம்பியதோடு போயிற்று.)

பிரிட்டன் 1987-லும் அமெரிக்கா 1988-லும் சிறு படகுகளுக்குத் தடை போட்டன. பெரிய கப்பலுக்கு விலக்கு. ஆழ்கடலில் நீர்த்துப்போகும், வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்ற வாதம் பாதி உண்மைதான். தண்ணீரில் டிபிடி சில நாட்களிலோ வாரங்களிலோ சிதையும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வருஷக்கணக்கில் தங்கும். எண்ணெய்க் கப்பல்கள் வந்துபோகும் ஷெட்லாந்தின் சல்லம் வோ துறையருகே டாக்வெல்க்குகள் பாதிக்கப்பட்டன. நடு வடகடலில், கப்பல் போக்குவரத்து அதிகமான தடங்களில் இன்னொரு வகை நத்தையிலும் இம்போசெக்ஸ் தெரிந்தது. நீர்த்துப்போகவில்லை.

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2001 அக்டோபரில் நிறைவேறி, 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பிளேபரின் நத்தையிலிருந்து 38 வருஷம்.

இடையில் 2004-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பி என்ற புரதத்தோடு டிபிடி ஒட்டிக்கொள்கிறது, நத்தையின் உடலில் தப்பான சுவிட்சைப் போடுகிறது. அந்த ஏற்பி நம் உடம்பிலும் இருக்கிறது. கருவில் டிபிடி பட்ட எலிக்குட்டிகளுக்குக் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்ததை 2006-ல் கலிஃபோர்னியாவில் பார்த்தார்கள். அதை வைத்து மனிதனுக்கு இன்னது ஆகும் என்று தாவுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பிரிட்டன் கரையோரம் டாக்வெல்க்குகள் பல இடங்களில் திரும்பி வந்திருக்கின்றன, ஊர்ந்து ஊர்ந்து. கப்பல்களின் அடியில் இப்போது பெரும்பாலும் தாமிரப் பெயின்ட்தான், கூடவே வேறு சில கொல்லிகளும். பழைய டிபிடி துறைமுகச் சேற்றில் கிடக்கிறது. பெரிய கப்பலுக்காகத் துறையை ஆழப்படுத்தும்போது முதலில் எடுக்க வேண்டியது அந்தச் சேற்றைத்தான். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற பேச்சு பல துறைமுகங்களில் இன்னும் முடியவில்லை.