அகலப்பரப்புப் படவழி நீர்ப்பிடிப்புக் கல்வி

அகலப்பரப்புப் படவழி நீர்ப்பிடிப்புக் கல்வி என்பது, ஒரே இடத்திலிருந்து எடுத்த பல படங்களை இணைத்து உருவாக்கிய, பெரிதாக்கிப் பார்க்கத்தக்க ஒளிப்படத்தின் துணையால் மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பை மாணவர் ஆராயும் முறை. இது புவியியல், சூழலியல் கல்வியைச் சார்ந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையமும் கூகுள் ஆதரவுடன் உருவாக்கிய கிகாபேன், இத்தகைய படங்களுக்கான தானியங்கிக் கருவி.

முழுமையையும் நுணுக்கத்தையும் ஒரே படத்தில் காட்டுவதே இதன் சிறப்பு. கண்மாய்க் கரையிலிருந்து எடுத்த படத்தில் நீர் வந்து சேரும் வரத்துக்கால், நீரைத் திறந்துவிடும் மடை, மிகைநீர் வெளியேறும் கலுங்கு ஆகியவற்றின் தொடர்பு புலப்படும். பெரிதாக்கினால் மடைக்கல்லில் படிந்த நீர்மட்டக் கறையும், கால்வாயை அடைத்த சீமைக்கருவேலமும் தெரியும். கண்மாயில் நீர் குறைந்திருந்தால் அதற்கான காரணத்தை மாணவர் தாமே ஊகிக்க இது இடமளிக்கிறது. நீரின் ஓட்டமும் தரமும் படத்தில் தெரியா என்பது உண்மையே. ஆகவே இது களப்பயணத்துக்கு மாற்றன்று, முன்னேற்பாடு. எனினும், ஒரே இடத்தைக் கோடையிலும் மழைக்காலத்திலும் எடுத்து ஒப்பிடுவது, ஒருநாள் பயணம் தராத சான்றைத் தரும்.