மூளைசார் உயிர்க்குறியீடுகள்

மூளையின் அமைப்பு, இயக்கம், வேதிமாற்றம் ஆகியவற்றை அளந்து நோயை இனங்காண உதவும் அடையாளங்கள். நீரிழிவுக்கு ரத்தச் சர்க்கரை இருப்பதுபோல், மனச்சோர்வுக்கோ மனச்சிதைவுக்கோ ஓர் அளவீடு இன்னும் கிடைக்கவில்லை. நோயாளி சொல்வதையும் மருத்துவர் கவனிப்பதையும் கொண்டே அவை கண்டறியப்படுகின்றன.

முன்பே ஒருமுறை நம்பிக்கை எழுந்தது. இரவில் டெக்சாமெத்தசோன் மருந்து கொடுத்தும் மறுநாள் கார்டிசால் ஹார்மோன் குறையாவிட்டால் கடும் மனச்சோர்வு எனக் கொள்ளலாம் என்று 1981-இல் பெர்னார்ட் கேரல் குழுவினர் முன்வைத்தனர். மறதிநோய், குடிப்பழக்கம், எடை இழப்பு உள்ளவர்களிடமும் அதே முடிவு வரவே, மனச்சோர்வைக் கண்டறிய அச்சோதனையைப் பயன்படுத்துவது கைவிடப்பட்டது.

அளவீடு கிடைக்காத சிக்கலின் ஒரு பாதி நோயின் பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்க மனநலக் கையேட்டின்படி ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் மனச்சோர்வு. ஆக, ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக உள்ள இருவருக்கும் ஒரே பெயர். அவர்கள் மூளையில் ஒரே தடயத்தைத் தேடுவது வீண்வேலை. மனச்சிதைவில் மூளை அறைகள் சராசரியாகப் பெரிதாவது 1976 முதல் தெரிந்ததே. ஆனால் நலமாக இருப்போரின் அளவுகளோடு அவை பெரிதும் கலந்துகிடப்பதால் தனிநபருக்குப் பயன்படுவதில்லை.

மறுபாதி புள்ளியியல். ஸ்கேனில் தலை சற்று அசைந்தாலும், கருவி மாறினாலும் முடிவு மாறும். ஏறத்தாழ 50,000 பேரின் தரவை ஆராய்ந்த 2022 நேச்சர் கட்டுரை, மூளைக்கும் நடத்தைக்கும் இடையே நம்பத்தக்க தொடர்புகளைக் காண ஆயிரக்கணக்கானோர் தேவை என்றது. அதுவரை வழக்கமான ஆய்வுகளில் இருந்தவர்களோ சுமார் 25 பேர்.

இதில் மனநல மருத்துவத்தைவிட நரம்பியல் முன்னே நிற்கிறது. அல்சைமர் நோய்க்கான ரத்தப் பரிசோதனை ஒன்றை, அறிகுறி உள்ள, 55 வயதோ அதற்கு மேலோ ஆனோருக்காக, 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது.