பைண்டு தொகுதிகளும் பொழுதுபோக்கு வாசிப்பின் வரலாறும்: ‘பொன்னியின் செல்வன்’ தொடரை முன்வைத்து

ஒரு காலத்தில் எவை எழுதப்பட்டன, எவை அச்சிடப்பட்டன என்பதை அறியச் சான்றுகள் பல உள்ளன. எவை விரும்பிப் படிக்கப்பட்டன என்பதை அறியவோ சான்றுகள் மிகக் குறைவு. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூற்பதிவுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாண அரசு வெளியிட்ட காலாண்டு நூற்பட்டியல்கள் தமிழ் அச்சு வரலாற்றாய்வின் முதன்மை ஆதாரங்களுள் ஒன்று. நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அவை தருகின்றன. ஆயினும் அச்சிட்ட படி வேறு, படித்த படி வேறு. பத்துக் கைகள் மாறிய படியும் பக்கம் பிரிக்கப்படாத படியும் பட்டியலில் ஒரே எண்ணாகவே நிற்கும்.

பொழுதுபோக்கு வாசிப்பைப் பற்றி எஞ்சியுள்ள எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி அதனைக் கண்டித்தவர்களுடையது என்பது மற்றொரு சிக்கல். ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பெருவழக்காகப் படிக்கப்பட்டன. இலக்கிய வரலாறுகள் அவற்றை ஒரு பத்தியில் கடந்துவிடுவது வழக்கம். 1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’யின் மரபில் வளர்ந்த திறனாய்வு, வெகுசன வாசகரைச் சுவை குன்றியவராகவே பெரிதும் எண்ணியது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ (2002) வாசகரை ஆய்வின் நடுவே கொணர்ந்த பின்னரும், வாசகர் தாமே விட்டுச்சென்ற சான்று எது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டிய ‘பைண்டு’ தொகுதிகள் அத்தகைய ஒரு சான்று என்பது இக்கட்டுரையின் கருத்து.

வாசகர் ஆக்கிய நூல்

1926இல் தொடங்கி 1928இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்த ‘ஆனந்த விகடன்’, 1941இல் தொடங்கிய ‘கல்கி’ ஆகிய இதழ்கள் தொடர்கதையைத் தமிழ் வீடுகளின் வாராந்தர வழக்கமாக்கின. தொடர்கதை புதியதன்று. ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்ததே. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’யும் தொடர்கதைக்குப் பெண் வாசகரைப் பழக்கியிருந்தது. ஆனால் அவை மாத இதழ்கள். காத்திருப்பு ஒரு மாதத்திலிருந்து ஏழு நாளாகச் சுருங்கியபோதுதான் அடுத்த இதழுக்கு வீட்டில் போட்டியிடும் வாசிப்பு பரவலாயிற்று.

தொடர் முடிந்ததும், அல்லது ஒவ்வோர் இதழும் படித்து முடிந்ததும், கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து அடுக்கி, கெட்டி அட்டையிட்டுப் பைண்டு செய்வது பல வீடுகளின் வழக்கம். இது வெறும் சேமிப்பன்று, ஒரு தேர்வு. ஓர் இதழை வாங்குவதற்குக் காரணங்கள் பல: நகைச்சுவைத் துணுக்கு, தலையங்கம், சினிமாச் செய்தி, சிறுகதை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே விற்பனை எண்ணிக்கையைக் கொண்டு ஒரு தொடரின் செல்வாக்கை அளப்பது பொருந்தாது. பக்கத்தைக் கிழிப்பவரோ அவ்விதழின் பிற பகுதிகளை இழக்க உடன்படுகிறார். பைண்டருக்குக் கூலியும் தருகிறார். விருப்பத்திற்கு விலை கொடுத்த வாசகரின் செயல் இங்குப் பொருளாகவே எஞ்சுகிறது.

இச்சான்றின் எல்லைகளையும் சொல்லவேண்டும். இதழை விலைக்கு வாங்கவும் பழைய பக்கங்களை அடுக்கிவைக்கவும் வசதியுள்ள வீடுகளின் விருப்பத்தையே இது காட்டும். இரவல் வாங்கிப் படித்தோர், ஒருவர் படிக்கக் கேட்டிருந்தோர், நூலகத்திலோ முடிதிருத்தகத்திலோ படித்தோர் இதில் இடம்பெறார். ஒரே இதழில் முடிந்துவிடும் துணுக்கும் சிறுகதையும் எவ்வளவு விரும்பப்பட்டிருப்பினும் தொகுக்கப்படுவதற்கு அவ்வளவு காரணமில்லை.

வாரமும் அத்தியாயமும்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்தது. ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள் உள்ளன. தொடக்க, இறுதி நாள்களுக்கு இடைப்பட்டவை 185 வாரங்கள். எந்த வாரமும் விடுபடவில்லை எனக் கொண்டால் இதழ்கள் 186. ஆக, சராசரியாக ஐந்து இதழ்களுக்கு ஏறத்தாழ எட்டு அத்தியாயங்கள் வந்திருக்கவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்களைத் தாங்கிய இதழ்கள் பல என்பது இதனால் தெளிவு.

இன்று கிடைக்கும் நூற்பதிப்புகளில் இப்பிரிவு மறைந்துவிட்டது. நூலில் எல்லா அத்தியாய முடிவும் ஒரே தன்மையது. பக்கத்தைப் புரட்டினால் அடுத்தது கிடைக்கும். தொடரைப் படித்தவருக்கு அவ்வாறன்று. ஓர் அத்தியாய முடிவு அதே இதழில் தீர்ந்தது. மற்றொன்று ஏழு நாள் காத்திருக்கச் செய்தது. கல்கியின் கதைப்பின்னலை ஆராய்வோர் ‘அத்தியாய இறுதித் திருப்பம்’ என ஒரே பெயரால் சுட்டுவது உண்மையில் இரண்டு வேறு உத்திகள். நூலை மட்டும் மூலபாடமாகக் கொள்ளும் ஆய்வு இவ்வேறுபாட்டைக் காண இயலாது. பைண்டு தொகுதியில் அது எளிதில் தெரியும்: ஒவ்வோர் இதழும் தனிப் பக்க எண் கொண்டதாதலின், வாரம் மாறுமிடத்தில் பக்க எண் பின்னோக்கித் தாவும்.

வாரம் மாறுமிடத்தை அறிய இதழின் முழுத் தொகுப்பே போதுமே, பைண்டு தொகுதி எதற்கு எனலாம். மறுப்பு நியாயமானது, அந்தத் தரவுக்கு முழுத் தொகுப்பே நம்பத்தக்கது. ஆனால் முழுத் தொகுப்பு இதழாசிரியர் அளித்ததைக் காட்டும். வாசகர் எடுத்துக்கொண்டதைக் காட்டாது. ஒரு வீட்டில் எந்தத் தொடர் கட்டப்பட்டது, எது பழைய காகிதக் கடைக்குப் போயிற்று என்பதைப் பைண்டு தொகுதி மட்டுமே சொல்லும்.

ஓவியங்களும் இங்கே கருதத்தக்கன. வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் மணியம் வரைந்த உருவங்களே வாசகர் மனத்தில் நிலைத்தன. பின்வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அவ்வோவியங்கள் இல்லை. கிழித்தெடுத்த தாளின் பின்புறத்திலோ கதைக்குத் தொடர்பில்லாத விளம்பரமும் துணுக்கும் ஒட்டிக்கொண்டே வரும். எதனருகே அமர்ந்து அக்கதை படிக்கப்பட்டது என்பதற்கு இவ்வெச்சங்கள் சான்று.

வாசகர் குரல் நூலிலும் ஓரிடத்தில் நேரடியாகக் கேட்கிறது. தொடர் முடிந்தபின் பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என வாசகர் எழுப்பிய வினாக்களுக்கு விடையாகக் கல்கி எழுதிய முடிவுரை நூற்பதிப்புகளில் இடம்பெற்றுள்ளது. மூன்றரை ஆண்டு காத்திருந்த வாசகர் முடிவில் நிறைவடையவில்லை என்பதை ஆசிரியரே பதிவு செய்துவிட்டார்.

சான்றின் இன்றைய நிலை

இத்தொகுதிகள் விரைந்து அழிந்துவருகின்றன. இதழ்களின் மலிவுத் தாள் அமிலத்தன்மையால் பழுப்பேறி விளிம்பில் உதிர்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் பதிப்புகள் பெருகின. கடையில் எளிதாகக் கிடைக்கும் கதையின் உதிரும் படியை வீட்டில் வைத்திருக்கக் காரணமில்லாமற் போயிற்று. நூலகங்களின் நிலையும் இதற்கு உதவுவதாக இல்லை. பதிப்பகமும் பதிப்பாண்டும் அற்ற இத்தொகுதி நூலன்று, தொடர்ச்சியற்றதாதலின் இதழுமன்று. நூலின் கண்கொண்டு நோக்கினால் மிகைப்படி. இதழின் கண்கொண்டு நோக்கினால் சிதைந்த படி. இரு வகையிலும் கழிக்கத்தக்கதே.

நன்கொடையாக வரும் தொகுதிகளைக் கழிப்பதற்கு முன், தொடரின் பெயர், இதழ், அடங்கிய நாள்கள், வந்த ஊர், பைண்டரின் முத்திரை, ஒரே அட்டைக்குள் சேர்த்துக் கட்டப்பட்ட பிற தொடர்கள் ஆகியவற்றையேனும் பல்கலைக்கழகத் துறை நூலகங்கள் குறித்துவைக்கலாம். முதுகலை மாணவரின் ஒரு பருவக் களப்பணிக்கு இது தக்க பொருள். விடுபட்ட வாரங்களையும் தவறாது குறிக்கவேண்டும். அவ்விதழ் அவ்வாரம் கடையில் கிடைக்கவில்லையா, இரவல் போய்த் திரும்பவில்லையா என்பதைத் தொகுதியை அளிக்கும் வீட்டாரிடம் இன்னும் சில ஆண்டுகள் வரையே கேட்டறிய இயலும்.