வளைந்த கோடுகளின் கதை: புரொஜெக்‌ஷன் டிவியும் அதைப் பழுதுபார்த்தவர்களும்

பழைய புரொஜெக்‌ஷன் டிவியில் படம் கோணலாகத் தெரிந்தால், நேராக இருந்த படத்தை ஏதோ ஒன்று கெடுத்துவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். அந்தப் பெட்டியின் உள்ளமைப்பை அறிந்தவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். அதில் படம் பிறப்பதே கோணலாகத்தான். அக்கோணலை நொடிதோறும் நிமிர்த்திக்கொண்டிருந்த ஒரு மின்சுற்று ஓய்ந்துவிட்டது. ஆகவே பிறவிக் கோணல் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இந்தியாவில் இப்பெட்டிகளில் பல ஏன் உரிய காலத்துக்கு முன்பே காயலான் கடைக்குப் போயின என்ற கேள்விக்கும் இந்தச் செய்தியிலேயே விடை இருக்கிறது என்பது என் கருத்து. அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

பிழையைப் பிழையால் திருத்தும் உத்தி தொலைக்காட்சிக்கு வானியலிலிருந்து வந்தது. எஸ்தோனியாவில் பிறந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் வானாய்வகத்தில் பணியாற்றிய பெர்ன்ஹார்ட் ஷ்மிட், 1930-ஆம் ஆண்டு ஒரு புதுவகைத் தொலைநோக்கியை அமைத்தார். கோள வடிவக் குழியாடியால் விண்மீன்களைக் கூர்மையான புள்ளிகளாகக் குவிக்க இயலாது. ஷ்மிட் அந்த ஆடியை மாற்ற முயலவில்லை. அதன் பிழைக்கு நேரெதிரான பிழையைக் கொண்ட மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றை வேண்டுமென்றே நெளிவாகத் தேய்த்து, ஆடிக்கு முன்னே வைத்தார். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. (நம் காவலூரில் 1988-இல், பின்னர் ராமானுஜன் பெயர் சூட்டப்பட்ட குறுங்கோளைக் கண்டறிந்ததும் ஒரு ஷ்மிட் தொலைநோக்கிதான்.)

1947-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 648பி.டி.கே. என்னும் மாதிரியில் இதே அமைப்பைத் திருப்பிப் போட்டது. தொலைநோக்கியில் ஒளி வானிலிருந்து உள்ளே வரும். இங்கே 5 அங்குலப் படக்குழாய் ஒன்றிலிருந்து வெளியே போய்த் திரையின் பின்புறத்தில் விழுந்தது. அவ்வளவு சிறிய குழாயிலிருந்து ஏறத்தாழ 25 அங்குலப் படத்துக்கு வேண்டிய வெளிச்சத்தைப் பெற 27,000 வோல்ட் மின்னழுத்தம் தேவைப்பட்டது. ஆனால், சாதாரணப் படக்குழாய்கள் சில ஆண்டுகளிலேயே 21 அங்குலம் வரை வளர்ந்துவிட்டதால் இந்த முயற்சி நீடிக்கவில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரு குழாய் போதும். வண்ணத்துக்கு அப்படி முடியாது. சாதாரண வண்ணப் படக்குழாயின் உள்ளே இருக்கும் துளைத்தகடு எலெக்ட்ரான்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பலமடங்கு பெரிதாக்கிக் காட்டும் அளவுக்கு ஒளி மிஞ்சாது. ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் என நிறத்துக்கு ஒரு குழாய் வைத்து, மூன்று படங்களையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச்செய்வதே வழியாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் ஹென்றி குளோஸ் தம் அட்வென்ட் நிறுவனத்தின் வழியே 7 அடித் திரையோடு விற்பனைக்குக் கொண்டுவந்த வீடியோபீம் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் திரை தனி, ஒளிவீழ்த்தும் கருவி தனி. பின்னர் குழாய்கள், லென்ஸ்கள், ஆடி, திரை அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. அலமாரி போன்று நின்ற அந்தப் பெட்டியைத்தான் நாம் புரொஜெக்‌ஷன் டிவி என்கிறோம்.

கோணல் இங்கேதான் பிறக்கிறது. மூன்று குழாய்களும் ஒரே இடத்தில் இருக்க இயலாது. பச்சை நடுவில் நேராக நிற்கும். சிவப்பும் நீலமும் இருபுறமும் சாய்ந்து நிற்கும். டார்ச் விளக்கைச் சுவரில் சாய்த்து அடித்துப் பாருங்கள்: வட்டம் முட்டை வடிவாகும். அதுபோலவே சாய்ந்த குழாயின் செவ்வகப் படம், ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் சரிவகமாகிறது. சிவப்பின் சரிவு ஒரு திசையில், நீலத்தின் சரிவு எதிர்த்திசையில். நடுவில் நிற்கும் பச்சையும் முழு ஒழுங்கு கொண்டதன்று. அதன் விளிம்புகள் உள்நோக்கி வளைந்திருக்கும். திருத்தாமல் விட்டால் திரையில் தெரிவது ஒரு படமே ஆகாது. ஒன்றோடொன்று பொருந்தாத மூன்று படங்கள்.

திருத்தும் பணிக்காக ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் வழக்கமான சுருளோடு இன்னொரு சிறு சுருளும் உண்டு. எலெக்ட்ரான் கற்றை திரையின் எந்த மூலையில் இருக்கிறதோ, அந்த மூலைக்குரிய கோணலுக்கு நேரெதிரான அளவு மின்னோட்டம் அச்சுருளில் பாயும். கற்றை நகர நகர மின்னோட்டமும் மாறும். ஷ்மிட் கண்ணாடியில் தேய்த்த நெளிவை இங்கே மின்னோட்டத்தில் தேய்க்கிறார்கள் என்று சொல்லலாம். மூன்று படங்களையும் பொருத்தும் இவ்வேலைக்குக் கன்வர்ஜென்ஸ் என்று பெயர். மூன்று நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் கிடைத்திசை, நெடுந்திசை: ஆக ஆறு பெருக்கிகள். பல நிறுவனங்களின் பெட்டிகளில் இந்த ஆறும் சான்யோவின் எஸ்.டி.கே. 392 வரிசையைச் சேர்ந்த இரண்டு தடித்த சிப்புகளில் அடங்கியிருந்தன. டிவி ஓடும் நேரமெல்லாம் ஓயாமல் சூடேறிக்கொண்டிருப்பவை அவை. பெட்டியின் ஆயுளில் முதலில் சாவதும் பெரும்பாலும் அவையே.

இனி இந்தியாவுக்கு வருவோம். அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி 1954-இல் விற்பனைக்கு வந்தபோது, அதன் குழாயில் மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிகளும் முக்கோணமாக நின்றன. ஒரே குழாய்க்குள்ளும் மூன்று நிறங்களும் தாமாகப் பொருந்தவில்லை. புதுப்பெட்டி வாங்கியவர் வீட்டுக்கு மெக்கானிக் வந்து, திரையில் கட்டக்கோடுகளை வரவழைத்து, டஜன் அளவுக்குத் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி நிறங்களைச் சேர்த்துவிட்டுப் போவார். ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இந்த வேலையிலேயே கைதேர்ந்தார்கள். 1972-இல் ஆர்.சி.ஏ. துப்பாக்கிகளை ஒரே வரிசையில் நிறுத்தி, தானே பொருந்திக்கொள்ளும் குழாயைக் கொண்டுவந்தது; பிறரும் அவ்வழியில் சென்றனர். திருகுகளில் பெரும்பாலானவை மறைந்தன.

டெல்லியில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. வண்ணம் வந்ததோ 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. அதற்குள் முக்கோணத் துப்பாக்கிக் குழாய் உலகச் சந்தையில் பழங்கதையாகியிருந்தது. வரிசைத் துப்பாக்கிக் காலத்துப் பெட்டிகளோடுதான் நாம் வண்ணத்துக்குள் நுழைந்தோம். ஆகவே இங்குள்ள மெக்கானிக்குகள் மின்வழங்கி, ஃப்ளைபேக், படக்குழாய் ஆகியவற்றில் வித்தகர்களானார்கள்; நிறங்களைப் பொருத்தும் கலை மட்டும் அவர்கள் வழியில் குறுக்கிடவேயில்லை. தாமதமாக வந்ததால் கிடைத்த வசதி அது. அதே வசதி பின்னர் ஒரு குறையாக மாறியது. புரொஜெக்‌ஷன் டிவி இந்நாட்டின் வசதியான வீடுகளுக்கும் கிளப்புகளுக்கும் ஓட்டல்களுக்கும் வந்துசேர்ந்தபோது, உலகம் மறந்திருந்த கன்வர்ஜென்ஸ் அதன் தோளில் ஏறி வந்தது. அதை எதிர்கொள்ளும் கைப்பழக்கம் இங்கே வழிவழியாக வந்திருக்கவில்லை.

வட இந்தியாவில் நான் தங்கிப் படித்த ஒரு விடுதியின் பொது அறையில் இப்படியொரு பெட்டி இருந்தது. கிரிக்கெட் ஆட்டத்தில் மட்டையாளருக்குப் பக்கத்தில் சிவப்பாக அவருடைய ஆவி ஒன்றும் நிற்கும். எல்லைக்கோடு வில்லாக வளைந்திருக்கும். முதலில் வந்து பார்த்தவர் படக்குழாய் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்றார். இரண்டாவதாக வந்த முதியவர் திரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "பேட்டா, யாராவது சர்வீஸ் மெனுவுக்குள் போய்க் கைவைத்தீர்களா?" இல்லை என்றதும் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இரண்டு சிப்புகளும் கருகிய சில ரெசிஸ்டர்களும் மாற்றப்பட்டன. மாலைக்குள் எல்லைக்கோடு நேரானது.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது பிறகு படித்தபோதுதான் விளங்கிற்று. பிற்காலப் பெட்டிகளில் திரையின் பல பத்துப் புள்ளிகளுக்கும் உரிய திருத்த அளவுகள், தொழிற்சாலையிலேயே ஒரு நினைவகச் சிப்பில் பதியப்பட்டிருக்கும். பெருக்கி செத்திருக்கும்போது அந்த அளவுகளை மாற்றிக் கோணலை நிமிர்த்த முயல்வது, நொண்டுகிறவருக்காகத் தரையை வெட்டிச் சரிப்பது போன்றது. கோணல் நிமிராது, பதிந்திருந்த நல்ல அளவுகளும் அழியும். பிறகு சிப்பை மாற்றினாலும் படம் கலைந்தே இருக்கும். முதலில் வன்பொருள், பிறகே அளவுகள் என்ற வரிசையைக் கடைப்பிடிக்காததால் கெட்ட பெட்டிகள் ஏராளம்.

கோணலைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. திரையில் வெள்ளைக் கட்டக்கோடுகளை வரவழைக்க வேண்டும். பெட்டியை முன்னதாகவே அரைமணி நேரம் ஓடவிட வேண்டும். குளிர்ந்த பெட்டியில் நிறங்கள் சற்று விலகியிருப்பது இயல்பு. சிவப்புக் கோடு மட்டும் மேலும் கீழும் விலகி, இடம் வலமாகச் சரியாக இருந்தால், சிவப்பின் நெடுந்திசைப் பெருக்கியோ அதன் வெளிவாயில் உள்ள சிறு ரெசிஸ்டரோதான் குற்றவாளி. பல நிறங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறாக வளைந்தால், சிப்பு முழுவதும் போயிருக்கும். அல்லது அதற்கு வரும் மின்சாரம் நின்றிருக்கும். பெட்டியைத் தட்டும்போது நிறங்கள் சேர்ந்து பிரிந்தால், ஈயப்பற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். மூன்று நிறங்களும் பிரியாமல், கோடு வெள்ளையாகவே இருந்து, ஆனால் வளைந்திருந்தால், சந்தேகம் கன்வர்ஜென்ஸை விட்டு முதன்மைச் சுருள்களின் பக்கம் திரும்ப வேண்டும். கோடுகள் நேராக இருந்து பால் படர்ந்தாற்போல் மங்கினால் அது கோணலே இல்லை. லென்ஸுக்கும் குழாய்க்கும் இடையே குளிர்விப்பதற்காக நிரப்பிய திரவம் கலங்கியிருக்கும், அல்லது ஆடியில் தூசி படிந்திருக்கும். அந்த ஆடியின் பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால், வீட்டுக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்தால் கீறிவிடும்.

பொருத்தும் வரிசையும் முக்கியம். முதலில் பச்சையை மட்டும் ஒளிரவிட்டு அதன் கோடுகளை நேராக்குவார்கள். பிறகு சிவப்பையும், அதன்பின் நீலத்தையும் பச்சையின் மேல் பொருத்துவார்கள். வெண்மையின் பொலிவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பச்சையிலிருந்து வருகிறது. கண் பச்சையின் பிழையை மன்னிக்காது, நீலத்தின் பிழையை ஓரளவு மன்னிக்கும்.

மொழியியல் படித்தவளுக்கு இது புதிய தர்க்கமாகத் தோன்றவில்லை. 'பழம்', 'பலம்' என ஒரே ஒலியால் வேறுபடும் சொற்களை அருகருகே வைத்துத்தான் அவ்வொலிகள் தனித்தனி ஒலியன்கள் என்று நிறுவுகிறோம். அந்த மெக்கானிக்கும் மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொண்டு, ஒரு நிறம், ஒரு திசை என்று பிரித்துத்தான் ஆறில் ஒன்றைப் பிடித்தார். எங்களுக்கு அதற்குப் பாடநூல் உண்டு. அவருக்கு இருந்தது, தேய்ந்துபோன ஒரு சர்வீஸ் மேனுவல் நகல் மட்டுமே.

அந்த நகல் என்னும் செய்தி சிறியதன்று. டெல்லி லாஜ்பத் ராய் சந்தையிலும் மும்பை லாமிங்டன் சாலையிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் உதிரிபாகம் கிடைக்கும். எந்த உதிரிபாகம் என்று அறிய வரைபடம் வேண்டும். கிடைக்கும் சிப்பும் அசல்தானா என்பது அடுத்த கவலை. எஸ்.டி.கே. வரிசைக்குப் போலிகள் பெருகின. மாற்றிய சில நாட்களில் அவை கருகியபோது, பழி சிப்பின்மேல் விழாமல் பெட்டியின்மேலேயே விழுந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: இக்குழாய்களுக்குப் போகும் மின்னழுத்தம் 30,000 வோல்ட் அளவிலானது. இதை வாசித்துவிட்டு ஸ்குரூடிரைவரோடு பெட்டியின் பின்புறம் போக வேண்டாம் என்று வீட்டிலுள்ள தம்பி தங்கைகளிடம் சொல்லிவிடுங்கள்.

எஞ்சிய வரலாறு வேகமாக முடிந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய நுண்ணாடிச் சிப்பு, பின்னர் புரொஜெக்‌ஷன் டிவிக்குள்ளும் புகுந்தது. ஒரே சிப்பு, சுழலும் நிறச்சக்கரம். பொருத்த வேண்டிய மூன்று படங்களே இல்லை. அதையும் தட்டைத் திரைகளின் விலைவீழ்ச்சி தள்ளிவிட்டது. கடைசி வரை நின்ற மிட்சுபிஷி 2012 டிசம்பரில் தயாரிப்பை நிறுத்தியது. 2022 ஜூலையில் நம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, வீட்டுப் பயன்பாட்டுச் சாதனங்களையும் அதில் சேர்த்தது. கையேடும் உதிரிபாகமும் வெளியாருக்குக் கிடைக்க வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் அரசு ஆவணத்தில் ஏறியது. புரொஜெக்‌ஷன் டிவிக்கு அது பத்தாண்டு தாமதம்.

இதைப் படிப்பவர்களில் யாரேனும், அல்லது உங்கள் தந்தையோ மாமாவோ, இந்நாட்டின் எந்த ஊரிலாவது இப்பெட்டிகளைப் பழுதுபார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஆண்டு, திரையில் கோணல் எப்படித் தெரிந்தது, எதை மாற்றினீர்கள், அதை உங்கள் கடையில் எந்தப் பெயரிட்டுச் சொன்னீர்கள் என்ற நான்கும் போதும். மேனுவல் நகல் வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்; வந்து வாங்கிக்கொள்கிறேன்.